நடப்பு ஆண்டுக்கான தேசியக் கொடி

கொடியக்கா அன்று காலை வர்த்தகச் சங்கத்தின் மாடிப்படி ஏறியபோது நாட்டில் ஓர் அரசாங்கம் இருந்தது. சாயங்காலம் இறங்கும்போதும் ஒன்று இருந்தது. ஆனால் அது காலையில் இருந்ததும் இல்லை, நடுவில் வந்துபோனதும் இல்லை. அக்காவுக்கு அரசாங்கங்களைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. அவளுக்கு ஒரு கதவு திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவளுடைய தையல்கூடத்துக் கதவு. உள்ளே பத்தொன்பது தையல் மெஷினும் நாற்பதாயிரம் தேசியக் கொடியும் ஆறு மாதமாக அடைபட்டுக் கிடந்தன. பூட்டின் மேல் நீதிமன்றத்து அரக்கு முத்திரை. பத்தொன்பது தையல்காரிகளும் அவரவர் வீட்டில் கைத்தையல் போட்டுக்கொண்டு இத்தனை நாள் பொறுத்திருந்தார்கள். நேற்று எதிர்வரிசைத் தலையணை உறைக் கம்பெனிக்காரன் வந்து, "நாளன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு வர்றவங்களுக்கு வேலை நிரந்தரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவர்களும் அக்காவிடம் மறைக்கவில்லை. "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கதவு திறந்தா உங்ககிட்ட வர்றோம்க்கா. இல்லேன்னா தலையணைதான்." அந்த நாளைக்குத்தான் இன்றைக்கு விடிந்திருந்தது.

வழக்கு போட்டது வேறு யாருமில்லை, சொந்தச் சம்பந்தி. அரசாங்க அலுவலகங்களுக்குக் குண்டூசியிலிருந்து குதிரைச் சிலை வரை சப்ளை செய்கிற மனுஷர். அவர் பையனுக்கும் அக்காவின் பெண்ணுக்கும் கல்யாணப் பேச்சை ஒன்றரை மணி நேரத்தில் முடித்த இருவரும், கொடியின் விலையைப் பேசி முடிக்கப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டார்கள். கல்யாணத்தில் மரியாதை முக்கியம். வியாபாரத்தில் அப்படி இல்லை.

பச்சைத் துணியில், ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு வெள்ளைக் கொக்கு. அதுதான் கொடி. கொக்கைத் தனித் துணியில் வெட்டி மேலே வைத்துத் தைப்பது. நாற்பதாயிரமும் தயாரான அன்று, கொடி மாறப்போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. சம்பந்தி உடனே, "சரக்கு வேண்டாம்" என்றார். சரி, போகட்டும் என்று அக்கா வேறு ஆளுக்குத் தள்ளிவிடப் பார்த்தாள். "ஒருவேளை மாறலேன்னா?" என்று சம்பந்திக்குச் சபலம் தட்டிவிட்டது. நீதிமன்றத்துக்கு ஓடி, தீர்ப்பு வரும்வரை சரக்கு அசையக்கூடாது என்று முத்திரை வைக்கச் செய்துவிட்டார். வாங்கவும் மாட்டார், விடவும் மாட்டார்.

"நானா இருந்தாலும் இதைத்தான்டி செஞ்சிருப்பேன்," என்று அக்கா மகளிடம் சொன்னாள். "ஆனா கொஞ்சம் வெட்கப்பட்டுக்கிட்டே செஞ்சிருப்பேன்."

ஒப்பந்தப்படி, தகராறை வர்த்தகச் சங்கம் நியமிக்கும் நடுவர்தான் தீர்க்க வேண்டும். மத்தியஸ்தச் சட்டம் அவருக்குக் கொடுத்த கெடு ஆறு மாதம். அது இன்று மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. அதற்குள் தீர்ப்பில் கையெழுத்து விழாவிட்டால் நடுவர் வீட்டுக்குப் போகலாம். வழக்கு மறுபடி முதலிலிருந்து.

நடுவர் ஓய்வுபெற்ற சாக்கு வியாபாரி. கடைத்தெருவில் தராசு ஐயா என்றால்தான் தெரியும். வக்கீல்கள் பேச ஆரம்பித்தால் காது மெஷினைக் கழற்றித் துடைப்பார். வியாபாரிகள் பேசினால் மாட்டிக்கொள்வார். அறையில் ஒரு நீள மேசை, சுவரில் நாட்டுத் தலைவர் படம், கதவோரத்து ஸ்டூலில் மடியில் பையோடு நீதிமன்றத்து அமீனா. தீர்ப்பு வந்ததும் முத்திரையை உடைத்துக் கதவைத் திறக்க வேண்டியவர் அவர்தான். சம்பந்திக்கு நெட்டை வக்கீல், அக்காவுக்குக் குட்டை வக்கீல்.

பத்து மணிக்கு நெட்டை வக்கீல் எழுந்து தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்புக்குக் காத்திருந்ததுபோல அறையிலிருந்த அத்தனை கைபேசிகளும் ஒரே நேரத்தில் கத்தின.

புரட்சி. தலைவர் விமானம் ஏறிவிட்டார். ஆணை எண் ஒன்று: பழைய சட்டங்கள் அனைத்தும் ரத்து. ஆணை எண் இரண்டு: தேசியக் கொடியில் இனி ஒரே ஒரு கொக்கு.

"சம்பந்தி," என்றார் சம்பந்தி, முகமெல்லாம் மத்தாப்பாக. "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

"நான் எதுக்கு வெச்சுக்கப் போறேன்? உங்க மனசுலதான் இடமே இல்லையே, பூராவும் கால்குலேட்டர்," என்றாள் அக்கா.

நெட்டை வக்கீல் மிகவும் வருத்தத்தோடு நடுவரைப் பார்த்தார். "ஐயா, மத்தியஸ்தச் சட்டமே போயிடுச்சு. சட்டப்படி நீங்க இப்போ நடுவர் இல்லை."

"அப்போ நான் யாரு?"

"சட்டப்படி பார்த்தா... இந்த நாற்காலில உட்கார்ந்திருக்கிற ஒருத்தர்."

"நாற்காலி?"

"அது சங்கத்தோடது. அது செல்லும்."

தராசு ஐயா நாற்காலியின் கைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "ஏம்மா, ஏங்க. உங்க ரெண்டு பேருக்கும் சட்டம் வேணுமா, முடிவு வேணுமா?"

முடிவு என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். அக்காவுக்குக் கதவு; சம்பந்திக்கோ, ஒற்றைக் கொக்கு வந்துவிட்டதால் ஜெயம் தன் சட்டைப்பையில் என்கிற நம்பிக்கை. தராசு ஐயா சங்கத்தின் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினார்: 'சட்டம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இந்த நாற்காலியில் இருப்பவர் சொல்வதற்கு நாங்கள் கட்டுப்படுகிறோம்.' இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வக்கீல்கள் இருவரும் மூக்கைச் சுளித்தார்கள். அவர்கள் ஐந்து வருஷம் படித்ததை ஒரு பில்லின் முதுகில் முடித்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அட்டெண்டர் அம்மா ஏணியோடு வந்து தலைவர் படத்தைக் கழற்றிப் போனாள்.

நெட்டை வக்கீலின் வாதம் சுருக்கமாக இதுதான்: புரட்சி என்பது யாரும் எதிர்பாராத நிகழ்வு. எதிர்பாராத நிகழ்வால் சரக்கு உதவாமல் போனால் வாங்கியவர் பொறுப்பல்ல. வேண்டுமானால் ஒப்பந்தத்தைப் பார்க்கலாம்.

"பார்க்கலாமே," என்று குட்டை வக்கீல் துள்ளி எழுந்தார். பார்த்திருக்கவே கூடாது.

சம்பந்தியும் அக்காவும் ஒப்பந்தம் எழுத வக்கீலிடம் போகவில்லை. எதற்கு வீண் செலவு? முந்தின வருஷம் அக்கா அவருக்குத் துணி அட்டை போட்ட தினசரி நாட்காட்டி தைத்துத் தந்திருந்தாள். அந்த ஒப்பந்தம் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. அதில் 'நாட்காட்டி' என்று வந்த இடத்திலெல்லாம் 'தேசியக் கொடி' என்று மாற்றச் சொல்லி ஒரே ஒரு பொத்தானைத் தட்டினாள். நாலு நொடி வேலை. படித்துப் பார்க்காமலே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், சொந்தக்காரர்களுக்குள் என்ன சந்தேகம் என்று.

குட்டை வக்கீல் வாசித்தார். "ஒன்று. விற்பவர் நடப்பு ஆண்டுக்கான தேசியக் கொடி நாற்பதாயிரம் தயாரித்துத் தருவார். நான்கு. ஒவ்வொரு தேசியக் கொடியிலும் விடுமுறை நாட்கள் சிவப்பு நிறத்தில் இருத்தல் வேண்டும்."

தராசு ஐயா காது மெஷினை அவசரமாக மாட்டினார். "என்ன நாட்கள்?"

"விடுமுறை நாட்கள், ஐயா. ஐந்து. தேசியக் கொடியைத் தினமும் கிழிக்க வசதியாக மேற்புறம் துளையிட்டிருக்க வேண்டும்."

ஸ்டூலில் அமீனா குலுங்கினார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சம்பந்தி, தான் கையெழுத்துப் போட்ட இடத்தை யாரோ போட்டதுபோலப் பார்த்தார்.

"ஒன்பது," என்றார் குட்டை வக்கீல், குரலைத் தாழ்த்தி. "ஆண்டு முடிந்து காலாவதியான தேசியக் கொடிகள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்பட மாட்டா."

தராசு ஐயா அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "எதிர்பாராத நிகழ்வுன்னீங்க. இங்க என்ன போட்டிருக்கு? கொடி காலாவதியாகும்னு ரெண்டு பேரும் முன்கூட்டியே பேசி வெச்சிருக்கீங்க. நாட்டுல ஒருத்தருக்கும் தெரியாத விஷயம் உங்க ரெண்டு பேருக்கு மட்டும், ஊர்ப்பேச்சு கிளம்பறதுக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அதுலயும், காலாவதியானா நஷ்டம் வாங்கினவர் தலையிலன்னு எழுதியே கொடுத்திருக்கீங்க."

"அது நாட்காட்டிக்கு ஐயா!" என்று சம்பந்தி அலறினார்.

"எழுதினது கொடின்னுதானே இருக்கு?"

அக்கா காலுக்கடியில் தரை லேசாகி மேலே எழும்புவதுபோல உணர்ந்தாள். அவளுடைய வாழ்க்கையிலேயே அவசரத்தில் செய்த தப்பு ஒன்று இவ்வளவு அழகாக வேலை செய்ததில்லை. சம்பந்தி சரக்கை எடுத்துக்கொள்ள வேண்டும், கதவைத் திறக்க வேண்டும். தராசு ஐயா பேனா மூடியைத் திருகினார். மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

ஒரு மணிக்குக் கைபேசிகள் மறுபடி கத்தின.

விமானம் திரும்பிவிட்டது. பழைய தலைவர் மீண்டும் பதவியில். புரட்சி அரசின் ஆணைகள் செல்லாது. அது மட்டுமல்ல, அவை பிறப்பிக்கப்படவே இல்லை என்று கருதப்பட வேண்டும். நாளைக் காலை முதல் எல்லா அலுவலகங்களிலும் இரண்டு கொக்குக் கொடி கட்டாயம் பறக்க வேண்டும்.

"அப்போ பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை?" என்று தராசு ஐயா கேட்டார்.

"நடக்கவே இல்லை ஐயா," என்றார் குட்டை வக்கீல்.

"நான் ரெண்டு டீ குடிச்சேனே?"

"சட்டப்படி குடிக்கலை."

மத்தியஸ்தச் சட்டம் உயிரோடு எழுந்தது. கூடவே ஐந்து மணிக் கெடுவும் எழுந்து உட்கார்ந்தது. அட்டெண்டர் அம்மா ஏணியோடு வந்து பழைய படத்தையே தூசி தட்டி மாட்டினாள்.

சம்பந்தியின் கைபேசி விடாமல் அடித்தது. அத்தனை அலுவலகமும் கொடி கேட்டது. அவர் முகத்தில் பழைய பாசம் முழுவதும் திரும்பிவிட்டது. "சம்பந்தி, சரக்கை எடுத்துக்கறேன். பேசின விலை. இப்பவே."

அக்கா வாயைத் திறந்தாள். 'சரி' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. பழைய கொடிகளைக் காலையிலேயே கிழித்துப் போட்டாகிவிட்டது, நாடு முழுக்கக் கொடி இல்லை. இருக்கிற நாற்பதாயிரமும் தன்னிடம். இந்தக் கணக்கு மனதில் ஓடிய வேகத்தில் அந்தச் சொல் திரும்பி உள்ளே போய்விட்டது. "எந்த விலை? காலைல ஒப்பந்தமே செல்லாதுன்னு நின்னீங்களே?"

"காலைன்னு ஒண்ணு நடக்கவே இல்லையே!"

"அப்படியா? அப்போ ஆறு மாசத்துக்கு முன்னாடி சரக்கு வேண்டாம்னீங்களே, அது நடந்ததுதானே? இனி டபுள்."

அதன்பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். எதிர்பாராத நிகழ்வால் ஒப்பந்தம் முறிந்தது என்று குட்டை வக்கீல் வாதாடினார். ஒன்பதாவது விதிப்படி எல்லாமே எதிர்பார்த்ததுதான் என்று நெட்டை வக்கீல் முழங்கினார். ஒரு கட்டத்தில் நெட்டை குனிந்து, "உங்க காலை வாதக் குறிப்பைக் கொஞ்சம் தர்றீங்களா?" என்று கேட்டார். "தாராளமா. உங்களோடதை இப்படிக் கொடுங்க," என்றார் குட்டை. இருவரும் காகிதங்களை மாற்றிக்கொண்டு, ஒருவர் எழுதியதை மற்றவர் அதைவிட நன்றாகப் படித்தார்கள். நெட்டையின் கையெழுத்து ஓர் இடத்தில் குட்டைக்குப் புரியவில்லை. நெட்டையே எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார், தன் கட்சிக்காரருக்கு எதிரான வரியை.

நடுவில் அக்காவின் கைபேசி. மகள். "அம்மா, மாமா பிரஷர் மாத்திரையை மறந்துட்டுப் போயிட்டாராம். உன் பையில ஒரு அட்டை இருக்குமே, குடேன்."

"அவருக்கு இப்ப பிரஷரை ஏத்திக்கிட்டிருக்கறதே நான்தான்டி."

"ரெண்டையும் செய்ம்மா."

அக்கா மாத்திரையை மேசைமேல் தள்ளினாள். "விழுங்குங்க. ஒன்றே முக்கால் மடங்கு."

சம்பந்தி விழுங்கிவிட்டு, "ஒன்றே கால்," என்றார்.

பேரம் இனித்தது. ஒன்றரையில் அவர் நிற்க, அதன்மேல் அரைக்கால் கூட்டி இவள் நிற்க, இவள் இறங்க, அவர் ஏற, ஊஞ்சல்தான். தராசு ஐயா காது மெஷினை மாட்டிக்கொண்டு கச்சேரி கேட்பதுபோல் தலையாட்டினார். ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்த கதவை அக்கா மூன்று மணி நேரம் ஒரேயடியாக மறந்துபோனாள்.

நாலு இருபதுக்குக் கைபேசிகள் கத்தியபோது ஒருவரும் அவசரப்படவில்லை. பழகிவிட்டது. நெட்டை வக்கீல்தான் படித்தார்.

பழைய தலைவரும் புரட்சித் தலைவரும் கட்டிப்பிடித்துவிட்டார்கள். கூட்டரசு. ராணுவமும் அதில் சேர்ந்திருப்பதால் கொடியில் இனி மூன்று கொக்கு. மத்தியஸ்தச் சட்டம் மறுபரிசீலனையில்; ஐந்து மணிக்குள் முடியாத வழக்குகள் எல்லாம் புதிய ஆணையத்துக்கு மாற்றம். ஆணையத்தின் உறுப்பினர்கள் பின்னர் அறிவிக்கப்படுவார்கள்.

அட்டெண்டர் அம்மா ஏணியோடு வந்து படத்தைக் கழற்றினாள். "மூணு பேர் படம் ஒண்ணா வரணுமாம். ஆணி மட்டும் இருக்கட்டும்," என்று இறங்கிப் போனாள்.

ஒன்றே முக்கால் மடங்கு, ஒன்றே கால் மடங்கு எல்லாம் மேசைமேல் செத்துக் கிடந்தன. இரண்டு கொக்குக் கொடிக்கு இனி ஒரு மடங்குகூட இல்லை. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபத்தெட்டு. ஒரு மணிக்கே 'சரி' என்று சொல்லியிருந்தால் இந்நேரம் கூடத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். காசைப் பார்த்ததும் கதவை விட்டுவிட்டாள். நாளைக்கு எட்டு மணிக்குப் பத்தொன்பது பேரும் தலையணை உறைக்குள் போய்விடுவார்கள்.

"சம்பந்தி," என்றாள். குரலில் பேரம் இல்லை. "எந்த அரசாங்கம் வந்தாலும் ஒரு கொக்காவது இருக்கு, கவனிச்சீங்களா?"

"ஆமா, அதுக்கென்ன?"

"ஒரு கொக்கு தைச்சபடியே இருக்கட்டும். இன்னொண்ணைப் பிரிச்சு பிரஸ் பட்டன் வெச்சுத் தர்றேன். மூணாவதும் பிரஸ் பட்டன். ஒரே கொடி. ஒண்ணு வேணும்னா ரெண்டைக் கழட்டு. ரெண்டு வேணும்னா ஒண்ணைக் கழட்டு. நாலாவது கட்சி சேர்ந்தா, பையில உதிரிக் கொக்கு இருக்கும்."

சம்பந்தி வாயைப் பிளந்தார். முப்பது வருஷமாக அரசாங்கத்துக்குச் சப்ளை செய்கிறவர். இப்படியொரு சரக்கை அவர் கண்டதே இல்லை. அவர் கண்கள் மெல்ல ஈரமாயின. "உதிரிக் கொக்கைத் தனியா விக்கலாமே சம்பந்தி..."

"விக்கலாம். பழைய விலை, பட்டன் உங்க செலவு, கூலி என் செலவு. சரியா?"

"நூல்?"

"யோவ்!" என்றார் தராசு ஐயா. மணி நாலு நாற்பது.

"நூலும் என்னோடது," என்றாள் அக்கா. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பேரத்தில் இரண்டாவது வார்த்தை கேட்காமல் விட்டுக்கொடுத்தாள். சம்பந்திக்கே சங்கடமாகிவிட்டது. "பாதி நான் தர்றேன்," என்றார்.

தராசு ஐயா எழுதத் தொடங்கினார். இரு தரப்பும் சம்மதித்த தீர்ப்பு, ஆறே வரி. கையெழுத்துப் போடப் போகும்போது அமீனா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார்.

"ஐயா, தலைப்பு எந்த அரசாங்கத்தின் பெயரால்னு இருக்கணும். அதுக்கேத்த ஸ்டாம்பு நான் குத்தணும். எங்கிட்ட ரெண்டுதான் இருக்கு." பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "இது பழசு. இது பதினோரு மணிக்குப் புரட்சிக்காரங்க கொடுத்துவிட்டது. புரட்சின்னா முதல்ல ரப்பர் ஸ்டாம்புதான் செய்வாங்க போல. கூட்டரசுக்கு இன்னும் பேரே வைக்கலையாம்."

"முத்திரை வெச்ச அரசாங்கமே இல்லேன்னா, அந்தப் பூட்டு மேல இருக்கறது வெறும் அரக்குதானே?" என்றாள் அக்கா.

"அரக்குதாம்மா. ஆனா நான் வெறும் ஆள் இல்லையே, அமீனாவாச்சே. நாளைக்கு எவன் வந்தாலும் என்னைத்தான் கேப்பான். காகிதம் வேணும்."

நாலு ஐம்பத்தொன்று. வக்கீல்கள் இருவரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். அதில் அரசாங்கம் இல்லாத நேரம் என்று ஓர் அத்தியாயம் இல்லை. தராசு ஐயா பேனாவால் தாளின் தலைப்பில் ஒரு கோடு இழுத்தார். விரற்கடை நீளக் கோடு. அதன் பக்கத்தில் 'அரசாங்கத்தின் பெயரால்' என்று எழுதி அமீனாவிடம் நீட்டினார்.

அமீனா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "கோடிட்ட இடம்."

"ஆமா."

"அப்போ இது படிவமா?"

"படிவம்தான்."

அமீனாவின் முகம் தெளிந்தது. இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவர் சட்டத்தைப் பார்த்து நடுங்கியிருக்கிறார், தீர்ப்பைப் பார்த்துக் குழம்பியிருக்கிறார். படிவத்தைப் பார்த்து மட்டும் பயந்ததே கிடையாது. "படிவம்னா நான் நிரப்பிக்கலாம்."

"எப்போ வேணும்னாலும்."

"பென்சில்ல?"

"பென்சில்லயே நிரப்புங்க. ஸ்டாம்பு வந்ததும் பக்கத்துல குத்திக்கோங்க."

தராசு ஐயா கையெழுத்துப் போட்டு நேரத்தையும் எழுதினார்: நாலு ஐம்பத்தாறு. சம்பந்தி போட்டார், அக்கா போட்டாள், வக்கீல்கள் இருவரும் ஒருவர் பேனாவை மற்றவர் வாங்கிப் போட்டார்கள். அமீனா படியில் இரண்டு இரண்டாக இறங்க, அவர் பின்னால் அக்கா, அக்கா பின்னால் மூச்சு வாங்கியபடி சம்பந்தி. தெருவில் ஒரு கூட்டம் எதையோ வாழ்க என்று கத்திக்கொண்டு போனது. எதையென்று நின்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

கூடத்து வாசலில் பத்தொன்பது பேரும் நின்றிருந்தார்கள், சிலர் எதிர்வரிசையைப் பார்த்தபடி. அமீனா பேனாக்கத்தியால் அரக்கைச் சுரண்டினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. பூட்டு ஆறு மாதத் துருவோடு முரண்டு பிடித்து, சம்பந்தி கதவை ஓர் உதை விட்டதும் வழிவிட்டது. பூஞ்சைக் காற்று முகத்தில் அடித்தது. உள்ளே கொடிக்கட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. மெஷின்கள் மேல் தூசி. பெண்கள் அவரவர் மெஷினை அடையாளம் கண்டு ஓடினார்கள். யாரோ விசையைப் போட்டார்கள். ஒன்று உறுமியது, இன்னொன்று உறுமியது, பிறகு எல்லாம்.

மூத்த தையல்காரி ஒரு கட்டைப் பிரித்து, கொக்கின் மேல் கத்தரியை வைத்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, மொத்தம் எத்தனை கொக்கு?"

"நீ பட்டனைத் தை," என்றாள் கொடியக்கா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. "எண்ணிக்கையை நாளைக்குக் காலைல செய்தி கேட்டுட்டுச் சொல்றேன்."